தெருவை ஆட்டிய கிணறு

கும்பாவில் கம்மங்கூழ் இருந்தது. நான் இன்னும் கையை வைக்கவில்லை. கூழின் மேல் நின்ற மோர் தானாக ஆடியது.

முதலில் நடுவில் ஒரு சுழிப்பு. பிறகு ஓரத்துக்கு ஓடி வந்து தளும்பியது. என் பெருவிரலில் இரண்டு சொட்டு விழுந்தது. அதற்கப்புறம்தான் சத்தம். யாரோ தூரத்தில் நெல் மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்காலுக்குத்தான் நன்றாகக் கேட்டது.

பேச்சியம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என் மனைவி. கையில் அகப்பை.

“இந்தாங்க, அசஞ்சுச்சா இல்லையா?”

“அசஞ்சுச்சு.”

“எனக்குத்தான் தலை சுத்துதோன்னு பாத்தேன்.”

“கூழுக்கும் சுத்துச்சு.”

“வெளாட்டா இருக்கா ஒங்களுக்கு? இது மூணாவது தடவை.”

வெயில் தாழ்ந்த நேரம். தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோழிகள் கூரைமேல் ஏறியிருந்தன.

போன வாரம் என் கதையை, மைசூர்ச் சீமையிலிருந்து ரயிலேறி ஊர் வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்குச் சில வருஷம் கழித்து. வெள்ளைக்காரன் காலம்தான். வடக்கே எங்கோ பெரிய பூகம்பம் வந்து ஊர் ஊராக அழிந்துபோன செய்தியை உசிலம்பட்டிச் சந்தையில் ஒருவர் பேப்பர் பார்த்துப் படிக்க, நாங்கள் நின்று கேட்டோமே, அந்த வருஷம். இல்லையென்றால் அதற்கு அடுத்தது.

எனக்கு வருஷக் கணக்கு நிற்பதில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. எந்தக் கிணறு முதலில், எது பிறகு என்று கேட்டால் சொல்வேன்.

கல் கத்தும் இடம்

அந்தச் சத்தம் எனக்குப் புதுசில்லை.

மைசூர்ச் சீமைத் தங்கச் சுரங்கத்தில் எட்டு வருஷம் கல் உடைத்தவன் நான். பொன் உள்ள கல்லை எடுத்துக்கொண்டே போனால் உள்ளே வெற்றிடம் விழும். அதற்கு மேலே இருக்கும் பாரம் எங்கே போகும்? பக்கத்துக் கல்லில் இறங்கும். கல் தாங்கும். தாங்க முடியாத நாளில் வெடிக்கும். மருந்து வைக்காமலே வெடிக்கும்.

துரைமார் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நாங்கள் “கல்லு கத்திருச்சு” என்போம்.

கீழே கல் கத்தினால் மேலே கூலிக்காரர்களின் லயன் வீடுகளில் ஆணியில் மாட்டிய சட்டி விழும். பெண்கள் அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் சுரங்க வாய்க்கு ஓடி வருவார்கள். ஓடி வந்தவர்களில் ஒருத்திகூட இது சாமி கோபம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீழே தோண்டுகிறார்கள், அதனால் மேலே ஆடுகிறது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் அப்படி ஓடி வந்தவர்களில் பேச்சியம்மாவும் இருந்தாள். கூண்டிலிருந்து நான் இறங்கினேன். என்னைப் பார்த்தாள். முந்தானையால் என் காதில் இருந்த கல்தூசியைத் துடைத்தாள். அந்த மாதமே ஊருக்கு ரயிலேறினோம்.

அதனால் கூழ் தளும்பிய அன்று அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

“அங்கன கேக்குற சத்தமாட்டம் இல்ல?”

“இங்கன ஏது சுரங்கம்?” என்றேன்.

இருந்தது. வெட்டியவன் நான்.

உருமா

ஒச்சு மச்சான் பேச்சியம்மாவின் அண்ணன். அவருக்கு இரண்டு ஜோடி மாடும், எங்கள் தெருவின் முதுகுப்பக்கம் கொஞ்சம் நிலமும் இருந்தன. வானம் பார்த்த நிலம். எங்கள் பக்கமே அப்படித்தான். மழை பெய்தால் விளையும்.

அந்த நிலத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர் கிணறு வெட்டிப் பார்த்தார்கள். சுக்கான் மண் போய்ப் பாறை வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் இறங்கினேன். கூடக் காசிமாயன். வாய் ஓயாத ஆள். சம்மட்டி அடிக்கும்போதும் பேசுவான். குழி போட்டு, கருமருந்து கிட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டு, எத்தனை குழி வெடித்தது என்று விரல் மடக்குவோம். கணக்குச் சரியாக வந்தால்தான் மறுபடி இறங்குவோம். இப்படி எட்டு ஆள் ஆழம் போனோம். தண்ணீர் இல்லை.

மேற்குச் சுவரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

கிணறு வெட்டுகிறவர்கள் இன்னும் கீழே போயிருப்பார்கள். நான் பக்கவாட்டில் போனேன். சுரங்கத்துப் பழக்கம். ஈரம் காட்டிய வழியில் மேற்கே குடைந்து, முட்டி போட்டுப் போகிற வழி நடந்து போகிற வழியாகி, உள்ளே ஓர் அறையே வந்துவிட்டது. நடுவில் கூரைக்கு முட்டுக்கொடுக்கக் கல்லையே இரண்டு தூணாக விட்டேன். அதுவும் சுரங்கத்தில் பார்த்ததுதான்.

அந்த அறைக்கு நேர் மேலே எங்கள் தெரு. எனக்குத் தெரியும். அப்போது அதை யாரும் பெரிசாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு வந்தது. மறு கோடையில் கணுக்காலுக்கு இறங்கியது. ஒச்சு மச்சான் வந்து நின்றார்.

“மாப்ள, மிளகாச் செடியெல்லாம் கருகுது. ஏதாச்சும் செய்யி.”

இறங்கிப் பார்த்தோம். உள்தூணின் அடியில் தண்ணீர் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. காசிமாயன் கையை வைத்துப் பார்த்தான்.

“ஊத்துக்கண்ணு மேல காலத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிதுண்ணே இந்தத் தூணு. எடுத்துருவமா?”

நான் கூரையைப் பார்த்தேன். சுரங்கத்தில் என் தலைக்கு மேலே ஒரு மலை முழுசாக இருந்தது. இங்கே எட்டு ஆள். இம்புட்டுக்கு என்ன பாரம் என்று தோன்றியது.

“எடு” என்றேன்.

அதுதான் தப்பு. கிணறு மட்டுமே வெட்டிப் பழகியவனுக்கு இந்தத் தப்பு வராது. அவன் பக்கவாட்டில் போகவே மாட்டான். மலையை அளவாக வைத்துப் பார்த்த எனக்குத்தான் எங்கள் ஊர்த் தரை லேசாகத் தெரிந்தது.

தூண் போனதும் தண்ணீர் மார்பளவு வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணறு வெட்டி முடிந்ததும் முதல் வாய்த் தண்ணீரை வெட்டியவன்தான் குடிக்க வேண்டும். குடித்தேன். கல் வாசமும் மருந்து வாசமும் அடித்தது. பிறகு கிணற்றுக்காரர் வெட்டியவனுக்கு ஊர் முன்னால் உருமா கட்ட வேண்டும். ஒச்சு மச்சான் மதுரைக்குப் போய்ச் சிவப்புக் கரை போட்ட உருமா வாங்கி வந்தார். தன் கையாலேயே என் தலையில் சுற்றினார்.

“எவனாலயும் ஆகாதத எம் மாப்ள செஞ்சிருக்காப்ல” என்று ஊருக்குச் சொன்னார்.

அந்த உருமாவோடு உசிலம்பட்டிச் சந்தைக்குப் போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை இரண்டு பூட்டினார்கள். இரண்டு ஜோடி மாடும் விடிந்ததிலிருந்து தண்ணீர்ச் சால் இழுத்தன. மிளகாய் பச்சையானது. அதற்குப் பிறகுதான் தெரு ஆட ஆரம்பித்தது.

கரிக்கோடு

மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாள் கிணற்றில் இறங்கினேன். படியோரப் பொந்துகளில் புறாக்கள் குடியிருக்கும். ஒன்றையும் காணவில்லை. எச்சம் காய்ந்து கிடந்தது.

அறைக்குள் போய் மூச்சை அடக்கி நின்றேன். சட்டியில் கடலை வறுபடுகிற மாதிரி கூரைக்குள்ளே சின்னச் சின்னதாகப் பொரிந்துகொண்டிருந்தது. கல் கத்துவதற்கு முன்னால் வரும் சத்தம். நான் நிறைய நேரம் நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் கிணறு போகும். உருமாவும் போகும். ஒருவேளை என் காதுக் கோளாறாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேச்சியம்மா விடவில்லை.

“கீழ போய்ப் பாத்துட்டு வந்த ஆளு ஏன் சோறு எறங்காம ஒக்காந்திருக்கு?”

“இன்னும் உறுதியாத் தெரியல.”

“தெரிஞ்சுக்கிற வழியப் பாருங்க.”

வழி அந்தக் கூழ்க் கும்பாவிலேயே இருந்தது. நான்கு வெண்கலக் கும்பா சேர்த்தோம். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர். தண்ணீருக்கு மேலே உள்பக்கமாகத் திருநீற்றைக் குழைத்து ஒரு வளையம் பூசினேன். தரை ஆடினால் தண்ணீர் எழும்பி வளையத்தை அழிக்கும். எம்புட்டு அழிந்திருக்கிறதோ அம்புட்டு ஆட்டம்.

ஒன்று என் வீட்டில். ஒன்று தெருக்கோடியில், காசிமாயன் வீட்டில். ஒன்று மேலத்தெருவில் ஒச்சு மச்சான் வீட்டில்; தங்கச்சி வைத்தாள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று ஊர் கூடும் மந்தையில், அம்மன் கோயில் பக்கம்.

சுவரில் கரியால் கோடு போட்டேன். ஒரு கமலை ஓடிய நாளுக்கு ஒரு கோடு. இரண்டு ஓடினால் இரண்டு. ஆடிய நாளில் பக்கத்தில் ஒரு புள்ளி.

ஒரு மாதம் போலப் போட்டேன். புள்ளி எல்லாம் இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மாடுகள் சந்தைக்குப் போன நாளில் புள்ளி இல்லை. என் வீட்டு வளையம் முழுசாக அழியும். காசிமாயன் வீட்டில் பாதி அழியும். மேலத்தெருவிலும் மந்தையிலும் வளையம் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அப்புறம் காரணம் விளங்கியது. இறைக்காமல் கிணறு நிறைந்திருக்கும்போது தண்ணீர் மார்பளவையும் தாண்டி அறைக்குள் கூரைவரை முட்டி நிற்கும். அது ஒரு தாங்கல். இரண்டு கமலை இறைத்து அறை காலியானால் அந்தத் தாங்கலும் போகிறது. தூணை நான் முன்பே எடுத்துவிட்டேன். கல் என்ன செய்யும்?

மந்தையில்

அதற்குள் ஊர் வேறு முடிவுக்கு வந்திருந்தது.

கோடாங்கி மாயாண்டி உடுக்கை அடித்துக் குறி பார்த்தார். ஆத்தா கோபமாக இருக்கிறாள், ஆடுகிற தெருவிலேயே அவளுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்றார். எட்டு நாள் காப்பு. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை பொங்கல். ஊர்ச் சனம் அம்புட்டும் எங்கள் தெருவில் கூடும். கொட்டு, கும்மி, கிடா வெட்டு. அன்றைக்கு மாடு பூட்ட மாட்டார்கள் என்பதால் முதல் நாளே இரண்டு கமலையும் போட்டு மிளகாய்க்கு நிறையத் தண்ணீர் கட்ட ஒச்சு மச்சான் நினைத்திருந்தார்.

அதாவது அறை காலியாக இருக்கும். அதன் மேலே ஊர் முழுக்க நின்று குதிக்கும்.

காப்புக் கட்டக் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வராது.

“பொங்கல மந்தைக்கு மாத்துங்க. தெருவுல வேணாம். தெரு ஆடுறது எங் கிணத்தால.”

கூட்டம் சிரித்தது.

“கிணறு எப்பிடிப்பா பூமிய ஆட்டும்? கிணத்துக்குள்ள மாடா கட்டி வச்சிருக்க?”

கும்பாவைப் பற்றிச் சொன்னேன். திருநீற்றைப் பற்றிச் சொன்னேன். இன்னொருவர் சொன்னார்.

“திருநீறு அழிஞ்சா பூகம்பமா? பாத்திரம்னா பொம்பள கழுவத்தாண்டா செய்வா!”

ஒச்சு மச்சான் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

“என் கிணத்துமேல பழி போடவாடா ஒனக்கு உருமா கட்டுனேன்?”

அவர் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. உருமாவைக் கழற்றினேன். மந்தைத் தரையில் வைத்தேன்.

“கிணறு ஒங்களது மச்சான். வெட்டுனது நான். தூண எடுத்தது நான். பழி எனக்கு.”

கோடாங்கி குறுக்கே வந்தார்.

“அப்ப ஆத்தா ஒண்ணும் பண்ணலேங்குற?”

“ஆத்தா இம்புட்டு நாளும் தாங்கிப் பிடிச்சிருக்கா. கீழ கைய வச்சது நான்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“எட்டு நாளைக்குக் கமலை பூட்டாதீங்க” என்றேன். “அந்த எட்டு நாள்ல தெரு ஒரு தடவை ஆடினாலும் நானும் எம் பொண்டாட்டியும் ஊரவிட்டுப் போறோம்.”

“எட்டு நாளா? மிளகா என்ன ஆகுறது? இவன் பேச்சக் கேட்டு மொளச்சதையும் பறிகுடுக்கவா?” என்று மச்சான் கத்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மா குரல் வந்தது.

“அண்ணே, ஒன் மிளகாய்க்கு நான் தண்ணி ஊத்துறேன். ஊருணியில மோந்து, கொடத்துல. எட்டு நாளும்.”

“ஒருத்தியாவா? கொடத்துலயா?”

“ஒன் தங்கச்சிதான நானு. ஒன்னையவிடப் பிடிவாதம்.”

இந்தத் தடவை கூட்டம் ஒச்சு மச்சானைப் பார்த்துச் சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியும்போதே பேச்சியம்மா குடத்தோடு கிளம்பினாள். மூன்றாம் நாள் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கிளம்பினார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. செடிக்கு ஒரு செம்புதான் கிடைத்தது. செடி சாகவில்லை.

இறைத்துப் பார்த்த நாள்

ஏழு நாள் போனது. ஒரு வளையமும் அழியவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை.

“பாத்தியா? காப்புக் கட்டுனதும் ஆத்தா அடங்கிட்டா” என்றார்கள். பொங்கல் தெருவில்தான் என்று பேச்சு பழையபடி திரும்பியது.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டாம் நாள் திங்கட்கிழமை. காலையிலேயே கோடாங்கி வீட்டுக்குப் போனேன்.

“ஆத்தா அடங்கிட்டான்னு சொல்றாக. சரி. இன்னைக்கு ரெண்டு கமலையும் பூட்டி இறைச்சுப் பாப்போம். தெருவுல ஒரு சீவன் இருக்கக்கூடாது. ஆடலேன்னா நாளைக்குத் தெருவுலயே பொங்கல் வைங்க. நான் சாயங்காலமே கெளம்புறேன்.”

“ஆடுச்சுன்னா?”

“நீங்களே பாத்துக்கிருவீக.”

கோடாங்கி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “கும்பாவ நான் பாத்துக்கிறேன்” என்றார். “ஒன் வீட்டுப் பொம்பள கழுவிட்டான்னு எவனும் சொல்லக்கூடாது பாரு.”

பன்னிரண்டு வீட்டையும் காலி செய்தோம். ஆட்டுக்குட்டி, கோழிக்கூடை, உலக்கை, சாமி படம். நடக்க முடியாத ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்து மந்தை வேம்படியில் போட்டோம். ஊரே அங்கே உட்கார்ந்தது. திருவிழா போலத்தான் இருந்தது.

தெரு முகப்பில் கோடாங்கி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே கும்பா. வளையத்தை அவரே பூசினார்.

கமலையை ஒச்சு மச்சானே ஓட்டினார். ஆள் வைக்கவில்லை. கோபத்தில் மாட்டை அதட்டிய அதட்டல் மந்தைவரை கேட்டது. சால் மேலே வந்து கவிழும் சத்தம், மாடு பின்னே வரும் சத்தம், மறுபடி சால். உச்சி வெயிலில் அறையின் வாய் தெரிந்துவிட்டது என்று காசிமாயன் வந்து சொன்னான்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

நிழல் கிழக்கே சாய்ந்தது. சிலர் வேலையைப் பார்க்கப் போகிறோம் என்று எழுந்தார்கள். காசிமாயன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, ரயிலுக்குத் தனியாப் போவ வேணாம். நானும் வாரேன். தூண எடுத்துருவமான்னு கேட்டது நாந்தான?”

“எடுன்னு சொன்னது நான்.”

“சரி, அப்ப மூட்டைய மட்டும் நான் தூக்குறேன்.”

பேச்சியம்மா எங்களைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றடியில் மாட்டுச் சத்தம் நின்றது. ஒச்சு மச்சான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தெரு முகப்புக்கு வந்தார்.

“அறை காலி. சொட்டுத் தண்ணி இல்ல. முடிஞ்சுச்சா மாப்ள ஒன் கூத்து? கோடாங்கி, எந்திரிங்க. கும்பாவ எடுத்து…”

அப்போது கத்தியது.

இந்தத் தடவை மந்தையிலேயே உள்ளங்காலில் அடித்தது. வேம்பு அசைந்து பழுத்த இலை உதிர்ந்தது. கோடாங்கி முன்னால் தண்ணீர் எழும்பி அவர் மடியில் விழுந்தது. கும்பா ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. தெரு நடுவில் ஒரு வீட்டின் பின்சுவர், களைத்துப்போன ஆள் உட்காருகிற மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. புழுதி எழுந்தது.

அது என் வீடு. அந்தச் சுவர் அடுப்படிச் சுவர். அந்த நேரத்தில் பேச்சியம்மா உலை வைப்பாள்.

அவள் புழுதி அடங்கும்வரை பார்த்தாள்.

“அடுப்பு போச்சு” என்றாள். அம்புட்டுத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்தது வெட்கம்தான். ஆனால் தலை குனியவில்லை. ஊரில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

கோடாங்கி எழுந்தார். வேட்டி நனைந்திருந்தது. கும்பாவுக்குள் கையை விட்டு, கரைந்த திருநீற்றை வழித்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

“நாளைக்கு மந்தையில பொங்கல்” என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். “ஆத்தா சொல்லிட்டா.”

என்னைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

“நீ சொன்னதத்தான்யா அவளும் சொல்றா.”

சும்மாடு

கல் ஒரு தடவை பெரிதாகக் கத்தினால் அப்புறம் சில நாள் அடங்கியிருக்கும். இதுவும் சுரங்கத்தில் கண்டது. பொங்கல் முடிந்த மறுநாளே இறங்கினேன். முதலில் தனியாக.

அறையில் கூரையிலிருந்து ஒரு கட்டில் அளவுக்குப் பாளம் விழுந்து கிடந்தது. காது கொடுத்துக் கேட்டேன். பொரிகிற சத்தம் இல்லை. மேலே பார்த்துக் கை காட்டினேன்.

நான் எடுத்த தூணை நானே திருப்பி வைக்க வேண்டும். ஊற்றுக்கண்ணின் மேலேயே. கல்மேல் கல்லாக அடுக்கி, கூரைக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். மிச்ச அறையையும் கல்லால் நிரப்ப வேண்டும். இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து வரட்டும்.

தெருக்காரர்கள் எல்லோரும் கல் சுமந்தார்கள். கரட்டுப் பாறையிலிருந்து கிணற்றுமேடு, கிணற்றுமேட்டிலிருந்து படி வழியே கீழே. ஒச்சு மச்சானை மட்டும் காணவில்லை. அவருடைய கிணறு. அதைத்தான் மூடிக்கொண்டிருந்தோம். வராததில் தப்பில்லை.

மூன்றாம் நாள் வந்தார். நான் கீழே இருந்தேன். மேலே நடந்ததைப் பேச்சியம்மா பிறகு சொன்னாள்.

“அந்த உருமா எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அன்று மந்தையில் நான் வைத்துவிட்டு வந்ததை அவள்தான் எடுத்து மடித்து வைத்திருந்தாள். திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து, போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

அவர் அதை முறுக்கினார். சுற்றினார். சும்மாடாக்கித் தலையில் வைத்தார். இருந்த கல்லிலேயே பெரிய கல்லைக் காட்டி, “தூக்கி விடுங்கடா” என்றார்.

எட்டு ஆள் ஆழம் அந்தக் கல்லோடு இறங்கி வந்தார். கிணறு வெட்டிய நாளிலிருந்து அவர் அறைக்குள் வந்ததில்லை. உள்ளே வந்து, கல்லை இறக்கி, கூரையைப் பார்த்தார். விழுந்து கிடந்த பாளத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இதுக்கு மேல யாரு வீடு?”

“நம்ம பேச்சி வீடு.”

அன்று பொழுது சாயும்வரை சுமந்தார். கடைசிக் கல் அவர் கொண்டு வந்தது. ஆப்பை நான் அடித்தேன். அடி முதலில் டொக் டொக் என்று விழுந்தது. பிறகு கிண்ணென்று விழுந்தது. பாரம் தூணில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

“போதும் மாப்ள” என்றார்.

மறுபடி மாப்ள ஆனேன்.

கிணற்றில் அதன் பிறகு ஒரு கமலைக்குத்தான் தண்ணீர். மச்சான் மிளகாயைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார். “மார்பளவு தண்ணி குடுத்தான், குடுத்த கையாலயே பாதியப் பிடுங்கிட்டான்” என்பார். சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது. எனக்கு இன்னோர் உருமா அவர் கட்டவில்லை. அந்த உருமா கல் தேய்ந்து நடுவில் கிழிந்து போயிருந்தது. பேச்சியம்மா துவைத்து வைத்தாள். கரை மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அதன் பிறகு நிறையக் கிணறு வெட்டினேன். எல்லாம் நேர் கீழே.

பன்னிரண்டு வீடும் இருக்கின்றன. சில வீட்டுக்காரர்கள் ஓடு மாற்றிவிட்டார்கள். சுவர் மாறவில்லை. அடுப்படிச் சுவரை மட்டும் நான் கல்லால் கட்டினேன்.

கும்பா ஒன்றை என் வீட்டு மூலையில் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேச்சியம்மா தண்ணீர் மாற்றுவாள். வளையம் நான் பூசுவேன். இந்தக் கதையைக் கேள்விப்பட்டுக் கிணற்றைப் பார்க்க யாராவது வருவதுண்டு. கிணற்றில் பார்க்க ஒன்றும் இல்லை. மூலைக்குக் கூட்டிப்போய்க் கும்பாவைக் காட்டுவேன். குனிந்து பார்ப்பார்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும். அதற்கு மேலே வளையம் வெள்ளையாக, முழுசாக இருக்கும்.

“இதுல என்னண்ணே ஆச்சு?” என்று கேட்பார்கள்.

“ஒண்ணும் ஆகல” என்பேன்.